ஆய்வுப் போஸ்டர், மூன்று நிமிட வீடியோ: வாசகர் கேள்வி – பதில்

இணையவழிக் கருத்தரங்குக்குப் போஸ்டரும் குறும் வீடியோவும் அனுப்பச் சொல்லி அழைப்பு வந்திருக்கும் கடலூர், புதுச்சேரி வட்டார மாணவர்களும் ஆசிரியர்களும் எழுதிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: நேரடிக் கருத்தரங்கு ஒன்றுக்காக ஏ0 அளவில், செங்குத்தாக ஒரு போஸ்டர் செய்து ஃபிளெக்ஸில் அச்சடித்தேன். இப்போது அதே ஆய்வுக்கு இணையவழி அமர்வு. பழைய ஃபைலையே பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிடலாமா?
– ஆய்வு மாணவி, காலாப்பட்டு

ப: ஏற்றலாம். யாரும் படிக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். ஏ0 தாளின் உயரம் 1,189 மி.மீ. 15.6 அங்குல லேப்டாப் திரையின் உயரம் சுமார் 194 மி.மீ. போஸ்டர் முழுவதும் திரையில் தெரிய வேண்டுமென்றால் அது ஆறில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். நீங்கள் 24 பாயின்ட்டில் அடித்த எழுத்து அங்கே 4 பாயின்ட். போனில் பார்ப்பவருக்கு 2 பாயின்ட். பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், மூன்று பத்தி போஸ்டரில் ஒரு பத்தியின் அடிவரை இழுத்துப் போய், மறுபடி மேலே ஏறி, அடுத்த பத்தியின் தலையைத் தேட வேண்டும். அமர்வில் நூறு போஸ்டர் இருக்கும்போது அந்தப் பொறுமை யாருக்கும் இருக்காது.

புதிய ஃபைலில் தொடங்குங்கள். பவர்பாயின்ட்டைத் திறந்ததும் வருகிற அகல ஸ்லைடின் அளவு 33.87 × 19.05 செ.மீ. இது 15.6 அங்குலத் திரையின் அளவுக்கு மிக நெருக்கம். அதனால் அந்த அளவை மாற்றாமல் வேலை செய்தால், நீங்கள் போடும் பாயின்ட் அளவுதான் பார்ப்பவர் கண்ணுக்கும் ஏறக்குறையப் போய்ச் சேரும். தலைப்பு 36, உட்தலைப்பு 24, உரை 18 பாயின்ட். வரைபட அச்சில் உள்ள எண்கள் உட்பட எதுவும் 14-க்குக் கீழே இறங்கக் கூடாது. இப்படிச் செய்தால் இரண்டு படமும் 150 சொல்லும்தான் கொள்ளும். அது போதும்.

ஸ்லைடை நான்கு சம கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விஷயம் முழுமையாக முடியும்படி வையுங்கள். 200 சதவீதம் பெரிதாக்கினால் ஒரு கட்டம் திரையைச் சரியாக நிறைக்கும். இழுக்கிற வேலை இல்லை. முடிவைச் சொல்லும் படத்துக்கு இரண்டு கட்டங்களைச் சேர்த்துக் கொடுத்தாலும் தவறில்லை.

அமைப்பாளர்கள் ஏ0 அளவுதான் வேண்டும் என்று விதியில் எழுதியிருந்தால் அதை மீற வேண்டாம். படுக்கைவாட்டில் வையுங்கள், எழுத்து 60 பாயின்ட்டுக்குக் குறையாமல் பாருங்கள். மேலே சொன்ன 14 பாயின்ட்டுக்கு ஏ0-வில் அதுதான் சமம்.

கே: வெள்ளாற்று முகத்துவாரத்தில் மூன்று பருவங்களில் எடுத்த நீர், படிவு மாதிரிகள் பற்றிய ஆய்வு என்னுடையது. ஆறு வரைபடம், இரண்டு அட்டவணை இருக்கிறது. எதையும் விட்டுவிடக் கூடாது என்கிறார் கைடு. 150 சொல்லில் எப்படி அடக்குவது?
– எம்.எஸ்சி. மாணவர், பரங்கிப்பேட்டை

ப: அடக்க முடியாது. அடக்க முயல்வதுதான் பெரும்பாலான போஸ்டர்களைக் கெடுக்கிறது.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில், உங்கள் துறை சாராத நண்பர் ஒருவருக்குச் சொல்வது போல் ஆய்வு முடிவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். “வெள்ளாற்று முகத்துவார நீரின் இயற்பியல், வேதியியல் பண்புகளின் பருவகால மாறுபாடு: ஓர் ஆய்வு” என்பது முடிவு அல்ல, அது ஃபைல் உறையில் எழுதுகிற பெயர். “கோடையில் உவர்நீர் இத்தனை கிலோமீட்டர் உள்ளே ஏறுகிறது; வடகிழக்குப் பருவமழை வந்ததும் முகத்துவாரத்துக்கே திரும்பிவிடுகிறது” என்பது முடிவு. எண்ணும் திசையும் உங்கள் தரவு என்ன சொல்கிறதோ அது. அந்த வாக்கியமே போஸ்டரின் தலைப்பு. முறையான நீண்ட தலைப்பு சுருக்கக் குறிப்பில் பதிவாகியிருந்தால் அதைச் சிறிய எழுத்தில் கீழே போட்டுவிடலாம்.

முக்கிய முடிவை நடுவில் பெரிதாக ஒரே வாக்கியமாகப் போடும் முறையை 2019-ல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் பரப்பினார். அவருடைய வடிவத்தை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. பாதி இடத்தை ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்துவிட்டுப் படத்தைக் குறுக்கினால், தரவைப் பார்க்க வந்தவர் ஏமாந்து போவார். வாக்கியம் மேலே, படம் நடுவே என்பது நம் மாதிரி களத் தரவுக்குப் பொருந்தும்.

இப்போது ஆறு வரைபடங்களையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தை நம்ப மாட்டார்களா? பெரும்பாலும் இரண்டு மிஞ்சும். கிடைமட்ட அச்சில் முகத்துவாரத்திலிருந்து தொலைவு, செங்குத்து அச்சில் உவர்ப்பு, பருவத்துக்கு ஒரு கோடு என்று மூன்று கோடுகளை ஒரே படத்தில் போட்டால் மூன்று தனிப் படங்கள் ஒன்றாகிவிடும். விளக்கப் பெட்டியை ஓரத்தில் வைக்காமல், பருவத்தின் பெயரை அந்தந்தக் கோட்டின் நுனியிலேயே எழுதுங்கள். அட்டவணையைத் திரையில் யாரும் படிப்பதில்லை. அதில் எந்த இரண்டு எண்களைப் பார்க்கச் சொல்வீர்களோ அவற்றை மட்டும் உரையில் சொல்லிவிடுங்கள்.

மற்ற வரைபடங்களும் இரண்டு அட்டவணைகளும் தனி பிடிஎஃப் ஆகட்டும். அதற்கு ஒரு கியூஆர் குறியும் ஒரு இணைப்பும் போஸ்டரின் கீழ் மூலையில். இரண்டும் வேண்டும்: லேப்டாப்பில் பார்ப்பவர் தன் போனைக் கொண்டு குறியை ஸ்கேன் செய்வார், போனிலேயே போஸ்டரைப் பார்ப்பவர் தன் திரையைத் தானே ஸ்கேன் செய்ய முடியாதே. பவர்பாயின்ட்டில் பிரிண்ட் கொடுத்து ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ வழியாக எடுத்தால் இணைப்பு செத்துப்போகும். ‘சேவ் ஆஸ்’ அல்லது ‘எக்ஸ்போர்ட்’ வழியாக எடுங்கள். எடுத்த பிறகு, உங்கள் மெயிலில் நுழையாத வேறொரு போனில் அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். கூகுள் டிரைவில் போட்டுவிட்டு அனுமதியைத் திறக்க மறப்பது இங்கே அன்றாடம் நடக்கிற விஷயம்.

கைடிடம் “விட்டுவிட்டேன்” என்று சொல்ல வேண்டாம். “சார், அதெல்லாம் இணைப்பில் இருக்கிறது” என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

கே: எக்செல்லில் தெளிவாக இருக்கிற வரைபடம், போஸ்டரில் வைத்ததும் மங்கிப்போகிறது. என்ன காரணம்?
– உதவிப் பேராசிரியர், விருத்தாசலம்

ப: மூன்று இடங்களில் ஒன்றில் தெளிவு போகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டியிருந்தால் அங்கேயே போய்விட்டது. நல்ல படத்தைச் செருகியிருந்தாலும், சேமிக்கும்போது பவர்பாயின்ட் தானாகவே படங்களைச் சுருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் ‘படங்களைச் சுருக்காதே’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். படத்தைச் செருகுவதற்கு முன்பே போட வேண்டும். மூன்றாவது வாட்ஸ்அப். கூட்டு ஆய்வாளர் படமாக அனுப்பியதை எடுத்துப் போடாதீர்கள். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எக்செல் வரைபடத்தை நேராக காப்பி செய்து ஒட்டினால் அது கோடாகவே வரும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. ஆர், பைத்தான் பயன்படுத்துகிறவர்கள் எஸ்விஜி ஆக எடுக்கலாம். பிஎன்ஜி தான் வேண்டுமென்றால், போஸ்டரில் அது எத்தனை செ.மீ. அகலத்தில் உட்காரப் போகிறதோ அதே அகலத்தைக் கொடுத்து 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுங்கள். 14 செ.மீ. என்றால் 1,654 பிக்சல் வரும். பெரிதாக எடுத்துப் போஸ்டரில் சுருக்கினால் படம் தெளிவாக இருக்கும், அச்சு எண்கள் மட்டும் எறும்பாகிவிடும். ஜேபெக் வடிவம் புகைப்படத்துக்கு மட்டும். வரைபடத்தை அதில் சேமித்தால் எழுத்தைச் சுற்றி அழுக்கு படிந்த மாதிரி புள்ளிகள் வரும்.

கே: அலையாத்திக் காட்டின் பரப்பு கூடிய இடத்துக்குப் பச்சை, குறைந்த இடத்துக்குச் சிவப்பு கொடுத்திருக்கிறேன். சரிதானே?
– ஆய்வு மாணவர், சிதம்பரம்

ப: சரியில்லை. சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாத கண் ஆண்களிடையே அரிதல்ல. அவர்களுக்கு உங்கள் பிச்சாவரம் முழுவதும் ஒரே மங்கல் நிறம். ஒகாபே, இட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் எல்லோர் கண்ணுக்கும் பிரிந்து தெரியும்படி அமைத்த நிறத் தொகுதி இருக்கிறது. அதிலிருந்து நீலமும் செம்மஞ்சளும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, பச்சை, நீல அளவுகளை இந்த வரிசையில் போடவும்: நீலத்துக்கு 0, 114, 178, செம்மஞ்சளுக்கு 230, 159, 0. கூடியதற்கு நீலம், குறைந்ததற்குச் செம்மஞ்சள். போஸ்டர் முடிந்ததும் ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் வேறுபாடு தெரிந்தால் கவலையில்லை.

கே: தமிழில் போஸ்டர் செய்தேன். என் கணினியில் சரியாக இருக்கிறது. அமைப்பாளர் திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறதாம். வீடியோவில் எழுதிய தலைப்பில் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நிற்கிறது.
– தமிழ்த்துறை ஆய்வாளர், லாஸ்பேட்டை

ப: இரண்டும் வேறு வேறு நோய்.

கட்டம் வருவது எழுத்துரு உடன் போகாததால். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் இன்னும் மோசம்: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கொட்டும். உரையை யூனிகோடுக்கு மாற்றி, நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் வையுங்கள். பவர்பாயின்ட் ஃபைலாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அடோபி ரீடரில் அதைத் திறந்து, ஃபைல், பிராப்பர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் என்ற பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் ‘எம்பெடட்’ என்று இருந்தால் எங்கே திறந்தாலும் கலையாது.

கொம்பு பிரிவது எடிட்டிங் மென்பொருளின் குறை. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது சில வீடியோ மென்பொருள்களுக்குத் தெரியாது. அதனுடன் மல்லுக்கு நிற்காதீர்கள். தலைப்புகளைப் பவர்பாயின்ட்டில் அடித்து, ஸ்லைடைப் பிஎன்ஜி படமாக எடுத்து வீடியோவில் செருகிவிடுங்கள். ஃபோட்டோஷாப்பில் இதே தொல்லை வந்தால் டைப் அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

இன்னொன்று. தமிழ் எழுத்துக்கு மேல்விலங்கும் கீழே சுழியும் உண்டு. ஆங்கில போஸ்டருக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே வைத்தால் மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கி’யும் இடித்துக்கொள்ளும். 1.2 அல்லது 1.3 கொடுங்கள்.

கே: மூன்று நிமிட வீடியோவில் என்ன பேசுவது? ஒத்திகை பார்த்தால் ஏழு நிமிடம் வருகிறது.
– ஆய்வு மாணவி, கடலூர் முதுநகர்

ப: போஸ்டரை வாசித்துக் காட்டுகிறீர்கள் என்று நினைக்கிறோம். அதைப் பார்ப்பவரே படித்துக்கொள்வார். போஸ்டரில் காட்ட முடியாததுதான் வீடியோவுக்கு: நீரில் மாதிரி எடுக்கும் கை, கருவி அசைகிற விதம், வரைபடத்தில் “இந்த இடத்தைப் பாருங்கள்” என்று சுட்டுகிற விரல்.

180 விநாடியில் பத்தைக் கழித்துவிடுங்கள். சில தளங்கள் 3 நிமிடத்துக்கு ஒரு விநாடி கூடினாலும் ஃபைலை ஏற்காது. மிச்சம் 170. முதல் 15 விநாடியில் கண்டுபிடித்தது என்ன. அடுத்த 30-ல் கேள்வி என்ன, எந்த இடம். 40 விநாடி செய்முறை. 60 விநாடி முடிவு, அதுவும் ஒரே படத்தை வைத்துக்கொண்டு. கடைசி 25-ல் இதனால் என்ன, எதைப் பற்றிக் கேள்வி எதிர்பார்க்கிறீர்கள். “அனைவருக்கும் வணக்கம், என் பெயர் இன்னது, என் நெறியாளர் இன்னார், இந்தத் துறை, இந்தக் கல்லூரி” என்று தொடங்கினால் முதல் 20 விநாடி காலி. அவையெல்லாம் திரையின் கீழே எழுத்தில் ஓடட்டும். வணக்கம் மட்டும் சொன்னால் போதும், மரியாதை குறையாது.

தமிழில் நிதானமாகப் பேச நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 170 விநாடிக்கு 270 சொல். ஆங்கிலத்தில் சொற்கள் குட்டை. 350 வரை போகலாம். எழுதியதை உரக்கப் படித்து, மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். 34.7 சதவீதம் என்று திரையில் இருக்கட்டும். வாயில் “மூன்றில் ஒரு பங்குக்கு மேல்” என்று வரட்டும்.

பவர்பாயின்ட்டிலேயே பதிவு செய்யலாம். ஒவ்வொரு ஸ்லைடின் குரலும் தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால், தடுமாறிய ஸ்லைடை மட்டும் திரும்பப் பேசினால் போதும். ஆனால் ஸ்லைடு மாறிக்கொண்டிருக்கும் அந்த ஒரு கணத்தில் அது குரலைப் பதிவதில்லை. பேசிக்கொண்டே மாற்றினால் ஒரு சொல் விழுங்கப்படும். நிறுத்தி, மாற்றி, ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள்.

கே: படம் நன்றாக வருகிறது. குரல்தான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. கூடவே ஃபேன் சத்தம். ஃபேனை நிறுத்தினால் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. நல்ல மைக் வாங்க வேண்டுமா?
– முதுகலை மாணவர்கள் மூவர், கடலூர், வில்லியனூர்

ப: மைக் வாங்குவதற்கு முன் அறையை மாற்றுங்கள். எதிரொலி வருவது வெறுஞ்சுவரிலும் மொசைக் தரையிலும் குரல் பட்டுத் திரும்புவதால். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மைக்கும் அதே எதிரொலியை இன்னும் சுத்தமாகப் பதியும். துணி நிறைந்த அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் கொடி கட்டி இரண்டு போர்வை தொங்கட்டும். தரையில் பாய், அதன்மேல் ஒரு மெத்தை விரிப்பு. கைதட்டிப் பாருங்கள், ‘டங்’ என்று திரும்பி வராமல் ‘தப்’ என்று அடங்கினால் அறை தயார்.

போனுடன் வந்த ஒயர் இயர்போனின் மைக்கே போதுமானது. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுக் கீழே, சட்டையில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். துப்பட்டாவிலோ தாலிச் செயினிலோ உரசக் கூடாது. அந்தக் கரகரப்பை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. புளூடூத் இயர்பட் வேண்டாம்: மைக்கை இயக்கியதும் பலவற்றில் ஒலித்தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும். கடற்கரைப் புழுக்கத்தில் மூன்று நிமிடம் ஒரே மூச்சில் பேசினால் முகம் வழியும், குரலும் அவசரப்படும். முன் பதிலில் சொன்ன ஐந்து பகுதிகளையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒன்று முடிந்ததும் ஃபேனைப் போட்டு ஆறிக்கொண்டு அடுத்தது. அதிகாலை 5 மணிக்கு முன் முயலலாம். அதற்குப் பிறகு காகமும் பால் வண்டியும் வந்துவிடும். மார்கழியில் அந்த நேரமும் கிடைக்காது, கோயில் ஒலிபெருக்கி முந்திக்கொள்ளும்.

பேசத் தொடங்கும் முன் ஐந்து விநாடி சும்மா இருந்து அந்த அமைதியையும் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ திறந்து, ‘கெட் நாய்ஸ் புரொஃபைல்’ கொடுங்கள். பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து அதையே மறுபடி திறந்து 6 முதல் 9 டெசிபல் குறையுங்கள். 12 கொடுத்தால் சில குரல்களுக்கு அதிகம். 20-க்கு மேல் போனால் ஃபேன் போய்விடும், ஆனால் தண்ணீருக்கடியில் பேசுகிற மாதிரி கொழகொழப்பு வந்துவிடும். அதற்கு ஃபேனே தேவலை. பதிவின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட குரலைச் சரிசெய்ய வழியில்லை, திரும்பப் பேச வேண்டியதுதான்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பேசி எடுத்த வீடியோவையும் ஒருவர் அனுப்பியிருக்கிறார். கடற்காற்று நேராக மைக்கில் அடித்தால் குரல் எடுபடாது. அங்கே படத்தை மட்டும் எடுங்கள். குரலை வீட்டில் பேசிச் சேர்த்துவிடுங்கள். அலை ஓசை பின்னணியில் லேசாக வேண்டுமென்றால் படகின் மறைவில் போனை வைத்து அதைத் தனியாக அரை நிமிடம் பதியுங்கள்.

கே: டெஸ்க்டாப்பில் ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளை வைத்து 20 நிமிடம் பதிவு செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஃபைல் இருக்கிறது, 300 எம்பி காட்டுகிறது, திறக்கவில்லை.
– பொறியியல் மாணவர், நெய்வேலி

ப: மின்சாரம் தயாராகிற ஊரிலிருந்தே இந்தக் கேள்வி! சாதாரண எம்பி4 ஃபைலில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, பதிவை முறையாக நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனால் காட்சி இருக்கும், அட்டவணை இருக்காது. அதே கணினியில், அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்று இருந்தால் ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி அதைப் பார்த்து உடைந்ததைச் சில சமயம் சரிசெய்யும். உறுதி கிடையாது.

இனிமேல் ஓபிஎஸ் அமைப்பில், அவுட்புட், ரெக்கார்டிங் பகுதியில் வடிவத்தை எம்கேவி என்று வையுங்கள். கரண்ட் போன விநாடி வரை பதிவானது அதில் தங்கும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ கொடுத்தால் தரம் குறையாமல் சில விநாடியில் எம்பி4 ஆகிவிடும்.

கே: வீடியோ 210 எம்பி. 50 எம்பி-க்குள் கேட்கிறார்கள். ஜிப் செய்தும் குறையவில்லை.
– ஆய்வு மாணவி, பண்ருட்டி

ப: குறையாது, வீடியோ ஏற்கெனவே சுருங்கியதுதான். ஃபைல் அளவு என்பது ஒரு விநாடிக்கு எவ்வளவு தரவு, எத்தனை விநாடி என்ற பெருக்கல் மட்டுமே. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, எச்.264 தேர்ந்தெடுத்து, சராசரி பிட்ரேட் 1,900 கேபிபிஎஸ், ஒலி 128 என்று கொடுங்கள். இரண்டும் சேர்ந்து 2,028. அதை 180 விநாடியால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் சுமார் 46 எம்பி. ஸ்லைடும் குரலுமான வீடியோவுக்கு இது தாராளம். களக் காட்சி அதிகம் இருந்தால் 1080-ஐ 720 ஆக்குங்கள், கட்டம் கட்டமாக உடையாது. ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ 30 என்று வைப்பதும் முக்கியம். போனில் எடுத்த வீடியோவின் வேகம் ஏறி இறங்கும். எடிட்டிங்கில் அதுதான் உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போவதற்குக் காரணம். ஆகவே களக் காட்சிகளை எடிட்டிங்குக்கு முன்பே ஒருமுறை இப்படி மாற்றிவிடுவது நல்லது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்பில், ஃபார்மட்ஸ் பகுதியில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று வைத்து எடுங்கள். இல்லாவிட்டால் எச்.265-ல் பதிவாகி, சில கணினிகளில் குரல் மட்டும் கேட்கும், படம் வராது.

கே: நோயாளியின் புண் ஆறுவதைக் காட்டும் படம் போஸ்டரில் வைக்கலாமா? கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருக்கிறேன்.
– செவிலியர் கல்லூரி ஆசிரியை, புதுச்சேரி

ப: கண்பட்டை அடையாளத்தை மறைப்பதில்லை, தெருக்காரர் முகவாயைப் பார்த்தே சொல்லிவிடுவார். முகமே வராதபடி வெட்டுங்கள். பச்சை குத்திய இடம், தழும்பு, படுக்கை எண், கேஸ் ஷீட் எதுவும் தெரியக் கூடாது. சிகிச்சைக்கோ ஆய்வில் சேரவோ வாங்கிய ஒப்புதல் வெளியீட்டுக்குப் போதாது. இணையத்தில் வைக்கப்படும், பிறர் தரவிறக்கலாம் என்பதைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டித் தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் படத்தைப் பயன்படுத்துவது நெறிமுறைக் குழு அனுமதியில் அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

மீனவர் குப்பத்தில் பேட்டி எடுத்து வீடியோவில் சேர்ப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கே: எங்கள் கருவிக்குக் காப்புரிமை வாங்கும் எண்ணம் இருக்கிறது. போஸ்டரில் உள்ளமைப்பைக் காட்டலாமா?
– இறுதியாண்டு மாணவர்கள், புதுச்சேரி

ப: விண்ணப்பம் பதிவான பிறகு காட்டுங்கள். அதுவரை கருவி என்ன செய்கிறது என்பது மட்டும்; எப்படிச் செய்கிறது என்பது வேண்டாம். இணையத்தில் வைத்தது பொதுவெளிக்கு வந்ததாகவே கருதப்படும், பார்த்தவர் பத்துப் பேர்தான் என்றாலும்.

கே: ஆய்விடத்தைக் காட்ட கூகுள் வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டேன். பின்னணி இசையும் சேர்த்திருக்கிறேன்.
– ஆய்வு மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

ப: இசையை எடுத்துவிடுங்கள். குரலுடன் போட்டி போடும். உரிமைச் சிக்கலில் ஒலி முடக்கப்பட்டால் குரலும் சேர்ந்து போகும். வரைபடத்தை கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில், ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் தரவை வைத்து நீங்களே வரையுங்கள். ஓரத்தில் ‘© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று போட வேண்டும். அளவுகோலும் வடக்குக் குறியும் மறக்க வேண்டாம். இந்தியா முழுவதையும் காட்டுவதானால் எல்லைக்கோடு இந்திய சர்வே துறை வெளியிட்டபடி இருக்க வேண்டும்; வெளிநாட்டுத் தரவில் அது மாறியிருக்கும். கெடிலம் ஆற்றைக் காட்டக் காஷ்மீர் எதற்கு? கடலூர் மாவட்டத்தோடு நிறுத்துங்கள்.

கே: நேரலையில் கேள்வி கேட்பார்களாம். ஆங்கிலத்தில் கேட்பது புரியாமல் போனால்? நெட் போனால்?
– ஆய்வு மாணவி, குறிஞ்சிப்பாடி

ப: புரியாவிட்டால் சாட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், எல்லோரும் செய்வதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. அளக்காத ஒன்றைக் கேட்டால் “அதை நாங்கள் அளக்கவில்லை” என்று ஒரே வரியில் முடியுங்கள். ஊகித்துச் சமாளிக்கத் தொடங்கினால் அடுத்த கேள்வி அந்த ஊகத்தின் மீதே வரும்.

போஸ்டரை முழுதாகப் பகிர்ந்து வைக்காமல், முக்கியப் படம் திரையை நிறைக்கும்படி பெரிதாக்கித் தயாராக வையுங்கள். அறைக்குள் ஒருவர் வந்ததும் அரை நிமிடத்தில் முடிவைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அவர் பேசட்டும். வீடியோவை ஜூமில் ஓட்டுவதாக இருந்தால் பகிரும் பெட்டியில் ‘ஷேர் சவுண்ட்’ டிக் போடாவிட்டால் எதிரே ஊமைப்படம்தான் ஓடும்.

பிராட்பேண்ட் ஒரு நிறுவனம் என்றால் போன் சிம் வேறு நிறுவனமாக இருக்கட்டும். அதே அமர்வில் போனிலிருந்தும் ஒலியை அணைத்துவிட்டு நுழைந்து வையுங்கள். லேப்டாப்பின் இணைப்பு அறுந்தால் அங்கிருந்தே பேச்சைத் தொடரலாம். கூட்டு ஆய்வாளர் ஒருவர் கையிலும் போஸ்டர் ஃபைல் இருப்பது நல்லது.

கே: கடைசி நாள் ‘15-ஆம் தேதி இரவு 11.59, ஏஓஈ’ என்று போட்டிருக்கிறார்கள். நம் நேரப்படி எப்போது?
– ஆய்வு மாணவர், நெல்லிக்குப்பம்

ப: ஏஓஈ என்பது ‘எனிவேர் ஆன் எர்த்’. பூமியில் எந்த மூலையிலாவது 15-ஆம் தேதி மிச்சம் இருக்கும்வரை என்று பொருள். நமக்கு 16-ஆம் தேதி மாலை 5.29. அதுவே யூடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால் 16-ஆம் தேதி விடியற்காலை 5.29. அமர்வு நேரத்தையும் இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்: மத்திய ஐரோப்பாவில் பிற்பகல் 2 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மாலை 6.30, கோடையில் 5.30. அங்கே மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் வருகிற அழைப்பை இரண்டு முறை சரிபாருங்கள். 46 எம்பி வீடியோவைக் கடைசி அரை மணி நேரத்தில் ஏற்றத் தொடங்க வேண்டாம். எல்லோரும் அப்போதுதான் ஏற்றுவார்கள்.